நாலு விரல் ஏறிய கிணறு

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் மாதம் அவளைக் கண்டு பயப்படுவார்கள். தோளில் பை, கையில் மீட்டர், கக்கத்தில் நோட்டு என்று வாசலில் வந்து நின்று, "கிணத்தைப் பாக்கணும்" என்பாள். கரண்டு கணக்கெடுக்க வந்தவள் என்று நினைத்து உள்ளே ஓடி ஹீட்டரை அணைத்தவர்கள் உண்டு. அவள் அளந்தது கரண்டை அல்ல, நிலத்தடித் தண்ணீரை. நீர்வள அலுவலகத்தில் வேலை. மாதத்தின் முதல் புதன்கிழமை ஒன்பது கிணறுகளையும் ஓடையில் இரண்டு இடங்களையும் பார்த்து, மட்டம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று எழுதிக்கொண்டு போவாள். எத்தனை விளக்கினாலும் தெருவுக்கு அவள் மீட்டரம்மாதான்.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்தேன். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. அடுத்தவர் எழுத்தில் குற்றம் கண்டுபிடித்துச் சோறு தின்கிறவனுக்கும் அடுத்தவர் தண்ணீரில் குற்றம் கண்டுபிடித்துச் சோறு தின்கிறவளுக்கும் ஒத்துப்போவதில் வியப்பில்லை. புதன்கிழமைகளில் எனக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போவேன். அவள் கூப்பிட்டதில்லை. எனக்கு எதையும் எட்டிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

கீழே வீடு, வீட்டுக்குப் பின்னால் லாண்ட்ரி. மருத்துவமனை விரிப்புகளும் விடுதித் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வரும். நடத்துவது அவள் புருஷனும் அவருடைய அக்காவும். புருஷன் வாய் திறக்காத மனிதர். அவருக்கும் சேர்த்து அக்கா பேசிவிடுவாள். காலை ஏழு மணிக்கு பாய்லர் சூடானால் ஆறு பெண்கள் நீராவிக்குள் நின்று விரிப்பை உதறி மடிக்கிற சத்தம் மாடி வரைக்கும் கேட்கும். பதினோரு மணிக்கு ரொட்டியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் டீயும். நாத்தனார்தான் எல்லோருக்கும் கிழங்கு உரித்துப் போடுவாள். சுடச்சுட உரிப்பாள், விரல் சுடவே சுடாது. "வெந்நீர்லயே வெந்த கை, இதுக்கு மேல என்ன வேகப்போகுது" என்பாள்.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. நான்கு மாதமாக வானம் வெள்ளையாகவே இருந்தது. அந்த நான்காவது மாதத்துப் புதன்கிழமை, நாங்கள் கிளம்பிக்கொண்டிருந்தபோது, செடிக்காரர் ஒரு தட்டு நாற்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் முப்பது வருடமாக நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு செடிகளோடுதான் பேச்சு. தட்டை வாசற்படியில் வைத்தார். தக்காளி நாற்று, மிளகாய் நாற்று. எல்லா இலையும் ஓரத்தில் பழுப்பாகக் கருகி, கடித்துவைத்த பிஸ்கட்டைப் போல இருந்தது.

"பாரு தங்கச்சி" என்றார்.

"என்னண்ணே இது, மருந்து அடிச்சீங்களா?"

"ஒரு மருந்தும் அடிக்கல. மண்ண மாத்திட்டேன். உரத்த நிறுத்திட்டேன். நிழல் வலையக்கூட ரெட்டையா கட்டிப் பாத்துட்டேன். நான் தொட்டா கட்டைகூடத் துளிர்க்கும்னு சொல்லுவாங்க. இப்ப நான் தொட்டதெல்லாம் கருகுது. கை போச்சு, தங்கச்சி."

"கை எங்கண்ணே போகும்?"

"போகும். வயசானா போகும். மனசு சரியில்லன்னாலும் போகும். பொண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா, இதுவரைக்கும் பாத்தது போதும், இங்க வந்துடுங்கன்னு. மாசக் கடைசியில பண்ணைய ஒப்படைச்சிட்டுப் போயிடலாம்னு இருக்கேன். போறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒரு தடவ காட்டலாம்னுதான் வந்தேன்."

அவருடைய கிணறும் அவள் பட்டியலில் ஒன்று. நேராக அங்கேதான் முதலில் போனோம். மீட்டரின் முனையைத் தண்ணீரில் விட்டாள். உப்பு ஏறினால் தண்ணீரில் கரண்டு எளிதாகப் பாயும், அதை வைத்து அந்தக் கருவி எண் காட்டும். எண் கூடினால் உப்பு கூடியிருக்கிறது. இரண்டாயிரத்து நானூறு என்று காட்டியது. அவள் நோட்டைப் புரட்டினாள். மழை நிற்பதற்கு முன் தொள்ளாயிரம். பிறகு ஆயிரம், ஆயிரத்து இருநூறு. போன மாதம் ஆயிரத்து எழுநூறு. பிந்திய மூன்றுக்கும் எதிரே குறிப்பில் அவளுடைய முத்து முத்தான கையெழுத்தில் 'மழை இல்லை' என்று இருந்தது.

"ஏறிட்டேதான இருக்கு? இதப் போன மாசமே பாத்திருக்கலாமே" என்றேன். பிழை திருத்துகிறவனின் கெட்ட புத்தி.

"மழ இல்லன்னா தண்ணி வத்தும், வத்தினா உப்பு சுண்டும், எல்லாக் கோடையிலயும் இப்படித்தான் சார் ஏறும். அதனால எழுதிட்டேன்" என்றவள் அதற்குள் டேப்பைக் கிணற்றுக்குள் இறக்கியிருந்தாள். முனை தண்ணீரைத் தொட்டதும் கீச்சென்று ஒலிக்கிற டேப் அது. ஒலித்தது. அவள் எண்ணைப் பார்த்தாள். டேப்பை மேலே இழுத்துத் துடைத்து மறுபடி இறக்கினாள். மறுபடி ஒலித்தது. மூன்றாவது தடவையும் இறக்கினாள்.

"என்னாச்சு?"

"மட்டம் ஏறியிருக்கு."

"எவ்வளவு?"

கட்டைவிரலை மடக்கி நாலு விரலைக் காட்டினாள். "போன மாசத்துக்கு நாலு விரல். அப்ப எழுதினதப் பாருங்க, அதுக்கு முந்தின மாசத்துக்கும் ரெண்டு விரல் ஏறித்தான் இருக்கு. கண்ணுல பட்டும் நான் பாக்கல. நாலு மாசமா ஒரு சொட்டு மழ இல்ல. தண்ணி வத்தினா உப்பு ஏறும், சரி. தண்ணியும் ஏறி உப்பும் ஏறுதுன்னா?"

"யாரோ ஊத்தறாங்க" என்றேன்.

"யாரோ ஊத்தறாங்க" என்றாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும்தான், மறைப்பானேன். செடிக்காரர் தலையில் கை வைத்து நிற்கிறார், நாங்கள் இரண்டு பேரும் புதையலுக்கு வழி கிடைத்த மாதிரி நிற்கிறோம். எரிகிற வீட்டில் பிடுங்குவது லாபம் என்பதைப் போல அடுத்தவர் கஷ்டத்தில்கூட ஆர்வம் தன் பங்கைப் பிடுங்கிக்கொள்கிறது.

"அண்ணே, இன்னைக்கு இந்தத் தண்ணிய ஊத்தாதீங்க. குழாய்த் தண்ணி இருக்குல்ல?"

"ஒரு மணி நேரம் வர்ற குழாய்த் தண்ணிய நான் குடிக்கறதா, நாலாயிரம் நாத்துக்கு ஊத்தறதா?" என்றார் அவர்.

அங்கிருந்து ஓடைக்குப் போனோம். சந்தேகம் ஓடை மேல்தான். பாலத்துக்கு மேலே நானூறு, பாலத்துக்குக் கீழே நானூற்று இருபது. ஓடை குற்றமற்றது. அழுக்காகத்தான் ஓடியது, பிளாஸ்டிக் பைகள் மிதந்தன, ஆனால் உப்பு அதன் வேலை இல்லை. அப்புறம் கிணறு கிணறாக ஏறி இறங்கினோம். எங்கள் ஊரில் குடிக்கக் குழாய்த் தண்ணீர்தான். கிணற்றுத் தண்ணீர் பாத்திரம் கழுவ, வாசல் தெளிக்க, வண்டி துடைக்க. அதனால் யாரும் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை, யாருக்கும் தெரியவும் இல்லை. பட்டியலில் இல்லாத கிணறுகளையும் அன்று விடவில்லை. ஒரு வீட்டில் நாய் துரத்தியது. ஒரு வீட்டம்மா, "எங்க கிணத்துல உப்பு இருந்தா சொல்லும்மா, சமையலுக்கு மிச்சமாகும்" என்று கேலி செய்தாள்.

என் பையில் இருந்த பழைய அச்சுத்தாளின் முதுகில் தெருவை வரைந்து, அவள் சொல்லச் சொல்ல எண்களை எழுதினேன். ஓடைப் பக்கத்து வீடுகள் தொள்ளாயிரம், ஆயிரம். தையல்கடைக் கிணறு ஆயிரத்து நூறு. செடிக்காரர் இரண்டாயிரத்து நானூறு. அவருக்கு மேட்டில் இருந்த பேக்கரியின் கொல்லைக் கிணறு மூவாயிரத்து நூறு. எண்கள் ஒரே பக்கமாக ஏறிக்கொண்டே போயின. பேக்கரிக்காரர் கொடுத்த சூடான பன்னைத் தின்றுகொண்டே தாளைப் பார்த்தோம். பேக்கரிக் கொல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் எங்கள் லாண்ட்ரியின் புகைபோக்கி.

அவள் பன்னை மெல்வதை நிறுத்தினாள்.

"உங்க வீட்டுக் கிணறு எவ்வளவு?" என்றேன்.

"அது லிஸ்ட்ல இல்ல."

"ஏன்?"

"அளக்கறவங்க சொந்தக் கிணத்த அளந்து எழுதக் கூடாது. ரூல். தன் வீட்டுக்குச் சாதகமா எழுதிடுவாங்கன்னு."

"அதனால இத்தன வருஷமா பாக்கவே இல்லையா?"

"எழுதக் கூடாதுன்னா எதுக்குப் பாக்கணும்?" என்றாள். சொல்லும்போதே அவளுக்கே அது எப்படி ஒலித்தது என்று தெரிந்துவிட்டது. மிச்சப் பன்னைத் தாளில் சுற்றிப் பையில் வைத்தாள்.

வீட்டுக் கிணறு லாண்ட்ரிச் சுவர் ஓரம், இரும்பு மூடி போட்டுக் கிடந்தது. லாண்ட்ரிக்கு ஆழ்துளைக் குழாய் போட்ட பிறகு அதை யாரும் சீண்டுவதில்லை. மூடியை நானும் அவளும் சேர்ந்து நகர்த்தினோம். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அடியில் கிடந்த பழைய வாளிகூடத் தெரிந்தது. மீட்டர் முனையை இறக்கினாள். எண் ஓடி ஓடி நின்றது.

ஏழாயிரத்து அறுநூறு.

அவள் மீட்டரைப் பைக்குள் போட்டாள். நேராக லாண்ட்ரிக்குள் போனாள், நான் பின்னாலேயே போனேன். பதினோரு மணி டீ நேரம். பெண்கள் வாசலில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே புருஷனும் நாத்தனாரும் மட்டும்.

"அண்ணி, சாஃப்ட்னர் டேங்க் கழுவற தண்ணி எங்க போகுது?"

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆழ்துளைத் தண்ணீர் கடினமானது, சோப்பு நுரைக்காது, துவைத்த விரிப்பு அட்டையாக விறைக்கும். அதனால் அந்தத் தண்ணீர் முதலில் ஓர் உயரமான தொட்டிக்குள் போய் மென்மையாகி வரும். தொட்டிக்குள் இருக்கும் மஞ்சள் மணிகள் இரண்டு மூன்று நாளில் களைத்துப்போகும். கெட்டியான உப்புக் கரைசலை விட்டுக் கழுவினால் மறுபடி தெம்பாக வேலை செய்யும். கழுவின தண்ணீரை வெளியே விட வேண்டும்.

நாத்தனார் கிழங்குத் தோலைக் கூடையில் போட்டுவிட்டுப் பெருமையாகச் சிரித்தாள். "எங்க போகுது? நீ சொன்ன இடத்துக்குத்தான்."

"நான் என்ன சொன்னேன்?"

"பள்ளிக்கூட ஹால்ல மைக் புடிச்சுச் சொன்னியே. நிலத்துல இருந்து எடுக்கற தண்ணிய நிலத்துக்கே திருப்பிக் குடுங்க, சாக்கடையில விடாதீங்கன்னு. முன் வரிசையில உக்காந்து கைதட்டினது யாரு? நான்தான். வந்து இவன்கிட்ட சொன்னேன், ஊரே கேக்குது, நம்ம வீட்டுல நாம செய்யலன்னா அவளுக்குத்தான் அசிங்கம்னு. குழி எடுத்தோம்ல."

"அது மொட்டமாடி மழத்தண்ணிக்குன்னுதான சொன்னீங்க!"

"மழ எங்க பெஞ்சுது? குழி சும்மாதான கிடந்துது. இந்தத் தண்ணி வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ டேங்க் டேங்கா சாக்கடைக்குப் போய்க்கிட்டிருந்துது. பாக்கப் பாக்க வயிறெரியும். பைப்ப இந்தப் பக்கம் திருப்பிட்டோம். சோப்புத் தண்ணிய விட்டோமா? இல்ல. அது அழுக்கு, அத இன்னும் சாக்கடையிலதான் விடறோம். இது சுத்தமா, தெளிவா, ஊத்துத்தண்ணி மாதிரி இருக்கும். நீ வேணா வந்து பாரு."

மீட்டரம்மா ஒரு விரிப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் குழியை அவளே அலுவலகத்திலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறாள். போட்டோ எடுத்தார்கள். அறிக்கையில் முன்மாதிரி வீடு என்று எழுதியிருக்கிறாள். மேலிருந்து வரும் மழைக்குழாயைப் பார்த்தாளே தவிர, பக்கவாட்டில் வந்து சேர்ந்த இன்னொரு குழாயைப் பார்க்கவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். இங்கே குழி வெட்டி நாமே பூதத்தை ஊற்றி வளர்த்திருக்கிறோம்.

"வாரத்துக்கு எத்தன மூட்ட உப்பு, அண்ணி?"

"ரெண்டு. ஏன்?"

"அந்த ரெண்டு மூட்டையும் எங்க போச்சுன்னு நினைச்சீங்க?"

நாத்தனாரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. "டேங்க்குக்குள்ள... மணியில..." என்றாள். பிறகு, "கரைஞ்சு போச்சுன்னு நினைச்சேன்" என்றாள்.

"கரைஞ்சதுதான். கரைஞ்சு பேக்கரிக் கிணத்துக்குப் போச்சு. அங்கேருந்து செடிக்காரண்ணன் கிணத்துக்குப் போச்சு. அவர் தக்காளியெல்லாம் கருகி நிக்குது."

புருஷன் அப்போதுதான் வாய் திறந்தார். "பைப்ப இப்பவே மாத்திடறேன். பத்து நிமிஷ வேல."

"மாத்துங்க. ஆனா போன உப்பு திரும்பி வராது. மழ வந்து அடிச்சாலும் ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஆகும். நான் இத எழுதணும். வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும்."

"எழுதினா?"

"நிலத்துக்குள்ள கழிவு விட்டா, விசாரணை முடியற வரைக்கும் சீல் வைப்பாங்க. உங்களுக்கே தெரியும்."

வாசலில் பெண்கள் எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர் வாசலைப் பார்த்தார், பாய்லரைப் பார்த்தார். "ஆஸ்பத்திரி நமக்காகக் காத்துக்கிட்டிருக்காது. ஒரு வாரம் மூடினா வேற ஆளப் பாத்துக்குவாங்க. ஆறு பேரு இருக்காங்க, யோசி."

"யோசிக்காம இல்ல."

"மழ இல்லன்னு மூணு மாசம் எழுதினல்ல. இன்னொரு மாசம் எழுதினா என்ன? அதுக்குள்ள நான் எல்லாத்தையும் சரி பண்ணிடறேன்." குரலை இறக்கினார். "செடிக்காரரும் மாசக் கடைசியில போயிடறாரு. அப்புறம் அந்தக் கிணத்துத் தண்ணிய யார் ஊத்தப்போறா?"

கெட்ட மனிதர் அல்ல அவர். எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கே கூசியது. அவள் பதில் சொல்வதற்குள் நாத்தனார் சொல்லிவிட்டாள்.

"டேய், வாயக் கழுவு."

"அக்கா, நம்ம நிலம தெரியாம..."

"தெரியும்டா. இந்த லாண்ட்ரி உனக்கு முந்தி எனக்குத் தெரியும். அந்த மனுஷன் தன் கை போச்சுன்னு தெருத்தெருவா சொல்லிக்கிட்டுத் திரியறாரு. நேத்து என்கிட்டயே சொன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? வயசானா அப்படித்தான், பொண்ணு வீட்டுக்குப் போய் நிம்மதியா இருங்கன்னு புத்தி சொன்னேன். குழியில உப்ப ஊத்திட்டு வந்து நின்னு புத்தி சொன்னேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சாகணும். எழுதுடீ. குழி வெட்டினது நான்னு எழுது."

"அண்ணி, வெட்டச் சொன்னது நான்."

"நீ மழத்தண்ணிக்குச் சொன்ன."

"நான் எந்தத் தண்ணின்னு சொல்லல. திருப்பிக் குடுங்கன்னு மட்டும் சொன்னேன். இப்ப நினைச்சுப் பாத்தா, அன்னைக்கு ஹால்ல ஒருத்தரும் எந்தத் தண்ணின்னு கேக்கவும் இல்ல. எல்லாரும் கைதான் தட்டினாங்க."

இதற்கு மேல் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். அறிக்கை வெள்ளிக்கிழமை போயிற்று. காரணம் என்ற கட்டத்தில் வீட்டு எண், குழி, குழாய், வாரத்துக்கு எத்தனை மூட்டை என்பதோடு பள்ளிக்கூட ஹாலில் பேசியதையும் எழுதினாள். என்னிடம் காட்டினாள், நான் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. லாண்ட்ரி ஏழு வாரம் மூடிக் கிடந்தது. மருத்துவமனை வேறு ஆளிடம் போனது போனதுதான். ஆறு பெண்களில் நான்கு பேர்தான் திரும்பி வந்தார்கள். புருஷனும் பொண்டாட்டியும் பல நாள் என் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். மாடிப்படி ஏறி இறங்கி எனக்கு முட்டி வலி வந்தது. ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தப் புதன்கிழமை பகல், புருஷன் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே, அவள் எழுந்து செடிக்காரரிடம் போனாள்.

"காகிதம் போறதுக்கு முன்னாடி அவர் என் வாயால கேக்கணும்" என்றாள்.

நாத்தனார் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பின்னாலேயே வந்தாள். இரண்டு கையிலும் இரண்டு குடம் குழாய்த் தண்ணீர். நாலாயிரம் நாற்றுக்கு இரண்டு குடம் எந்த மூலைக்கு என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஒன்றை நான் வாங்கிக்கொண்டேன்.

செடிக்காரர் கருகின நாற்றுகளைத் தட்டிலிருந்து பிடுங்கிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். நிழல் வலைக்கு அடியிலும் வெயில் உறைத்தது. ஈர மண் வாசனைக்கு நடுவே மீட்டரம்மா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஏழாயிரத்து அறுநூறு என்றாள். குழி என்றாள். தான் பேசினதைக் கேட்டுச் செய்தது என்றாள். நாத்தனார் குறுக்கே புகுந்து, "குழி எடுத்தது நான். பைப்பத் திருப்பினதும் நான்" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "குழியில என்ன போச்சு?"

"உப்பு."

"எவ்வளவு?"

"வாரம் ரெண்டு மூட்ட."

"எத்தன மாசமா?"

"மூணு மாசத்துக்கு மேல."

அவர் மண் படிந்த தன் கைகளைப் பார்த்தார். உள்ளங்கை, புறங்கை என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தினால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"அப்ப என் கை இல்லையா?" என்றார்.

"இல்லண்ணே" என்றாள் மீட்டரம்மா.

"நல்லா யோசிச்சுச் சொல்லு, தங்கச்சி. உரம் கூடிப் போயிருக்குமா? தண்ணி காட்டின நேரம் தப்பா இருக்குமா?"

"இல்லண்ணே. உங்க கை ஒண்ணும் செய்யல. தண்ணிதான்."

கவிழ்த்துவைத்த தொட்டி ஒன்றின் மேல் அவர் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கொஞ்ச நேரம் புரியவில்லை, இரண்டும்தான். நாத்தனாருக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை.

"திட்டுங்க. ரெண்டு வார்த்த திட்டிடுங்க. இப்படி உக்காந்திருக்காதீங்க."

"திட்டறேன்" என்றார் அவர், முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கண்டிப்பா திட்டறேன். நாளைக்குக் காலையில உங்க வாசல்ல வந்து நின்னு, தெருவே கேக்கற மாதிரி திட்டறேன். இப்ப எம் பொண்ணுக்கு ஒரு போன் போட்டுக் குடு. என் கையெல்லாம் மண்ணு."

மீட்டரம்மா அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, எண்ணைப் போட்டு, அவர் காதில் பிடித்துக்கொண்டு நின்றாள். மணி அடிக்கிற சத்தம் எங்களுக்கும் கேட்டது. எடுத்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அம்மாடி, நான்தான். நான் அங்க வரலம்மா... இல்ல, கோவம் இல்ல. இங்க வேல கிடக்கு, குழாய்த் தண்ணி எட்டற அளவுக்கு எல்லாத்தையும் முதல்ல இருந்து விதைக்கணும்... உடம்பு நல்லாத்தான் இருக்கு. கையும் நல்லாத்தான் இருக்காம்."